வயர்லெஸ் அலாரம்: மாட்டும் இடத்தில்தான் எல்லாம்

கதவு சென்சாரில் இரண்டு துண்டுகள்: ஒன்று காந்தம், மற்றது டிரான்ஸ்மிட்டர். கதவு மூடியிருக்கும்போது இடைவெளி 1 செ.மீ.க்குள் இருக்கட்டும். மழைக்காலத்தில் மரக்கதவு உப்பினால் இந்த இடைவெளி மாறும். அப்போது காரணமில்லாமல் அலறும். இரும்புக் கதவில் நேரடியாக ஒட்டினால் சிக்னல் அடிவாங்கும். நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள்.

தொல்லை அதிகம் தருவது, உடல் வெப்பத்தை வைத்து ஆள் நடமாட்டத்தை உணரும் அசைவு சென்சார்தான். சுமார் 2.2 மீட்டர் உயரத்தில், அறை மூலையில், ஜன்னல் வெயில் படாமல் மாட்டுங்கள். நேராக வருபவரைவிடக் குறுக்கே நடப்பவரை அது எளிதில் பிடிக்கும். அறை வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கோடையில் மந்தமாகும். பல்லி லென்ஸ் மேல் ஊர்ந்தால் நள்ளிரவில் சைரன்தான்! பின்பக்க ஒயர் துளையை அடைத்துவிடுங்கள், பூச்சி புகாது.

இரவில் தூங்கும்போது 'ஹோம்' முறை; கதவு சென்சார்கள் மட்டும் விழித்திருக்கும். வெளியே கிளம்பினால் 'அவே' முறை; அசைவு சென்சாரும் சேர்ந்து விழித்திருக்கும். வெளியேற 30 முதல் 45 விநாடி அவகாசம் போதும்.

சென்சார்களின் சிக்னலை வாங்கி, சிம் வழியே உங்கள் போனுக்குத் தகவல் தரும் மையப் பெட்டிதான் பேனல். பழைய 2ஜி பேனலில் ஜியோ சிம் வேலை செய்யாது. எந்த சிம்மானாலும் அதன் PIN எண் பூட்டை முதலில் போனில் எடுத்துவிட்டுப் போடுங்கள். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, உள் பேட்டரியில் சைரன் ஒலிக்கிறதா என்று பாருங்கள்.