சிரிக்கிறவருக்கும் வலிக்கும்: பாளையங்கோட்டை வார்டுக் குறிப்புகள்

2025 செப்டம்பர் 8, திங்கள்

மூன்றாம் ஆண்டு செவிலிய மாணவியர் நாளை முதல் அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் போகிறார்கள். நோயாளியின் வலியைப் பற்றி அவர்கள் என்ன எண்ணுகிறார்கள் என்று அறிய, அமெரிக்கச் செவிலியர்களான பெட்டி ஃபெரலும் மார்கோ மெக்கஃபெரியும் 1987-இல் உருவாக்கிய வினாத்தொகுப்பிலிருந்து சில கேள்விகளைக் கொடுத்தேன். அதன் இறுதியில் இரண்டு நோயாளிகள் வருகிறார்கள். ஆண்ட்ரூ, ராபர்ட் இருவருக்கும் வயது 25, வயிற்றில் அறுவை நடந்து முதல் நாள். இரத்த அழுத்தமும் நாடியும் மூச்சும் இருவருக்கும் ஒன்றே. இருவருமே வலி பத்துக்கு எட்டு என்கிறார்கள். ஆனால் ஆண்ட்ரூ பார்க்க வந்தவரிடம் சிரித்துப் பேசுகிறார், ராபர்ட் முகம் சுளித்துப் படுத்திருக்கிறார். இருவருக்கும் எட்டு என்று குறிப்பதே சரி. என் மாணவியரில் பெரும்பாலோர் ராபர்ட்டுக்கு எட்டு போட்டுவிட்டு, ஆண்ட்ரூவுக்கு மூன்று, நான்கு என்று குறைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

"சிரிக்கிறவருக்கு எப்படி மேடம் எட்டு போடுறது?" என்று ஒருத்தி கேட்டாள். அது இரக்கமற்ற கேள்வி அன்று. சத்தம் காட்டாமல் பிள்ளை பெற்றவளைப் புகழ்ந்து பேசும் வீடுகளில் வளர்ந்த பெண்கள், வலி என்றால் அது முகத்தில் தெரிய வேண்டும் என்றும், தெரியாவிட்டால் இல்லை என்றும் நம்பித்தான் வார்டுக்கு வருகிறார்கள். நோயாளி எதை வலி என்கிறாரோ அதுவே வலி என்று மெக்கஃபெரி 1968-இலேயே சொல்லிவிட்டார். கடும் வலியிலும் அசதியால் மனிதர் தூங்குவார். வலி நீடிக்கும்போது நாடியும் இரத்த அழுத்தமும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

செப்டம்பர் 11, வியாழன்

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த, பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பாட்டிக்கு முந்தாநாள் வயிற்றில் அறுவை நடந்தது. பத்துக்கு எவ்வளவு என்று மாணவி கேட்டதற்கு, "பரவாயில்ல தாயி" என்றார். மாணவி இரண்டு என்று எழுதினாள். பாட்டியோ முந்தானையைச் சுருட்டி வயிற்றோடு அழுத்தியபடி, நுனி மூச்சாக வாங்கிக்கொண்டிருந்தார். இருமிக் காட்டச் சொல்லி, ஒரு ரூபாய்க்கு எத்தனை அணா வலி என்று கேட்கும்படி மாணவியிடம் சொன்னேன். "சும்மா கெடந்தா ஒண்ணுமில்ல, இருமுனா கொடலே அந்து வந்துரும் போல இருக்கு. பன்னெண்டணா இருக்கும்" என்றார் பாட்டி. பதினாறணா ரூபாயில் அது முக்கால் பங்கு. படுத்திருக்கும்போது மட்டும் கேட்டு எழுதுவது பாதிக் கணக்குதான், ஏனென்றால் வலிக்குப் பயந்து இருமாமலும் ஆழ மூச்சு வாங்காமலும் கிடப்பவருக்கு நெஞ்சில் சளி தேங்கி நிமோனியா வரக்கூடும். டாக்டரிடம் சொல்லி, மருந்து மாற்றி எழுதப்பட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

இன்றைய பாடம் மார்ஃபின், அபினிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்து. "பழகிப்போயிரும்", "மூச்சு நின்னுரும்" என்ற இரண்டும்தான் திரும்பத் திரும்ப வந்தன. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் பல மருத்துவமனைகள் அந்த மருந்தை வைத்திருக்கவே அஞ்சின. 2014-இல் திருத்தம் வந்து நடைமுறை எளிதாக்கப்பட்டபின்னும் அந்த அச்சம் வகுப்பறை வரை நீடிக்கிறது. புற்றுநோயின் தீராத வலிக்கு மார்ஃபின் மாத்திரையை, வலி வரட்டும் என்று காத்திராமல், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே தொடங்க வேண்டும். மூச்சு குறைவதற்கு முன் பெரும்பாலும் மயக்கம் கூடும் என்பதால், நோயாளியின் விழிப்பு நிலையையும் மூச்சு எண்ணிக்கையையும் பார்த்துக்கொண்டே இருக்கிற செவிலியரால் ஆபத்தை முன்கூட்டியே பிடித்துவிட முடியும். மார்ஃபினின் விளைவை முறிக்க நலாக்சோன் என்ற மருந்தும் இருக்கிறது. மருந்தைக் கொடுக்காமல் விடுவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க முடியாது.

செப்டம்பர் 19, வெள்ளி

மாணவியர் இப்போது, இரத்தக் குழாயில் ஊசி போட்டால் அரை மணிக்குள்ளும் மாத்திரை கொடுத்தால் ஒரு மணி கழித்தும் வலியை மீண்டும் கேட்டு எழுதுகிறார்கள். படுக்கையில் எவ்வளவு, இருமும்போது எவ்வளவு என்று தனித்தனியாகவும் குறிக்கிறார்கள். அடுத்த வாரம் குழந்தைகள் வார்டு. கைக்குழந்தைக்கு நரம்பு முதிரவில்லை, அதனால் வலி குறைவு என்று நம்புகிறவர்கள் வகுப்பில் இன்னும் இருக்கிறார்கள். வாய் திறந்து சொல்ல இயலாத பிள்ளைக்கு முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் அடங்குவது ஆகிய ஐந்துக்கும் சைபர் முதல் இரண்டு வரை மதிப்பெண் போட்டுப் பத்துக்குக் கணக்கிடும் முறை உண்டு. அதற்கான தாளை இன்று ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்திருக்கிறேன்.