ரிஃபாம்பிசின் வேலை செய்கிறது, சரி... ஐசோநியாசிட்?

அம்மாவுக்கு டிபி மருந்து முடிந்துவிட்டது. கடைசி சளிப் பரிசோதனையிலும் கிருமி இல்லை. நிம்மதிதான். ஆனால் நடுவில் ஒரு ரிப்போர்ட்டுக்காக அலைந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஆரம்பமெல்லாம் மளமளவென்று நடந்தது. சிபிநாட் என்ற சளிச் சோதனை, நிக்‌ஷய் என்ற அரசின் டிபி இணையதளத்தில் பதிவு, எடை பார்த்து மாத்திரை. ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைட், எதாம்புட்டால் நாலும் ஒரே மாத்திரைக்குள். "ரிஃபாம்பிசின் நல்லா கேக்குற கிருமிதாம்மா, பயப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

சிபிநாட் ரிஃபாம்பிசினைப் பற்றி மட்டும்தான் சொல்லும். ஐசோநியாசிட் பற்றி வாயே திறக்காது. அதற்கு எல்பிஏ என்று தனிச் சோதனை இருக்கிறது. அம்மாவின் சளியில் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியாத அளவுக்குத்தான் கிருமி இருந்ததால், அதை லேபில் வளர்த்த பிறகே எல்பிஏ செய்ய முடியும் என்றார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சரி, காத்திருக்கலாம்.

காத்திருந்தோம். சாயங்காலக் காய்ச்சல் நிற்கவில்லை, எடையும் ஏறவில்லை. போய்க் கேட்டால், "ரிப்போர்ட் வந்தா நாங்களே கூப்பிடுவோம் சார்" என்று தலை நிமிராமல் ஒரு பதில். அடுத்த முறையும் அதே பதில். கடைசியில் கவுன்ட்டரில் வேறொரு பெண் இருந்த நாளில், நிக்‌ஷய் எண்ணைக் கொடுத்து, "கம்ப்யூட்டரில் ஒரு தடவை பாத்துடுங்கம்மா" என்றேன். ரிப்போர்ட் எப்போதோ வந்து கிடக்கிறது! அவர்கள் பதிவு செய்த போன் நம்பரில் ஒரு இலக்கம் தப்பு. யாரைக் கூப்பிட்டார்களோ, கூப்பிட்டார்களா என்பதே சந்தேகம்.

ரிப்போர்ட்டில் இருந்தது: ஐசோநியாசிட் வேலை செய்யாது.

இது சின்ன விஷயமில்லை என்று டாக்டர் விளக்கினார். வேகமாகப் பெருகும் கிருமிகளை முதல் சில நாட்களிலேயே அடித்துச் சாய்ப்பது ஐசோநியாசிட்தான். பதுங்கிக் கிடக்கும் கிருமிகளைத் தீர்ப்பதில் ரிஃபாம்பிசின் கெட்டி. முதல் இரண்டு மாதம் முடிந்ததும் பைரசினமைடை நிறுத்திவிடுவார்கள். ஐசோநியாசிடும் வெறும் பேருக்கு என்றால், ரிஃபாம்பிசினுக்குத் துணையாக மிஞ்சுவது எதாம்புட்டால் மட்டும். அந்த நிலையில் ரிஃபாம்பிசினுக்கும் கிருமி பழகிவிடலாம். இரண்டும் கேட்காமல் போனால் அதுதான் எம்டிஆர், பல மருந்துக்கு அடங்காத டிபி.

மாற்று மருந்தில் ஐசோநியாசிட் இல்லை, லெவோஃப்ளாக்சசின் சேர்கிறது. ரிஃபாம்பிசின், எதாம்புட்டால், பைரசினமைடுடன் ஆறு மாதம், முதலிலிருந்து. எங்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது. டிபி என்று தெரியும் முன், இருமலுக்குத் தெருமுனை கிளினிக்கில் கொடுத்ததும் இதே லெவோஃப்ளாக்சசின்தான்! அப்போது நாலு நாள் குறைந்த மாதிரி இருந்து திரும்ப வந்தது. கிருமி அதற்கும் பழகியிருந்தால்? டிபி கிருமியை அரைகுறையாக அடக்கி நோயை மறைத்துவிடும் மருந்து அது. நாள்பட்ட இருமலுக்கு யாராவது அதை எழுதினால், முதலில் சளி டெஸ்ட் கேளுங்கள். நல்லவேளை, அடுத்த எல்பிஏவில் லெவோஃப்ளாக்சசின் கேட்கிறது என்று வந்தது.

இன்னொன்று. அம்மா வழக்கமாகச் சாப்பிடும் ஆன்டாசிட் வகை அசிடிட்டி மருந்தையும் இரும்புச் சத்து மாத்திரையையும் சேர்த்தே போடலாம் என்று மருந்துக் கடையில் சொன்னார்கள். போடக் கூடாது. அவை லெவோஃப்ளாக்சசினை உடம்பில் சேரவிடாது. குறைந்தது இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எதாம்புட்டால் சாப்பிடும்போது பார்வை மங்கினாலோ சிவப்பு, பச்சை குழம்பினாலோ உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

டிபி நோயாளிகளுக்கு அரசு தரும் சத்துணவுப் பணம் 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய். அம்மாவின் இனிஷியல் ஆதாரில் முன்னால், பாஸ்புக்கில் பின்னால். அதனால் பாதிப் பணம் இன்னும் நிற்கிறது. திங்கட்கிழமை பேங்குக்குப் போக வேண்டும்.