தலைப்பில்லாச் செலவு

எலுமிச்சைப்புல் எண்ணெய் ஒன்றரை லிட்டர் வாங்கியதற்கான பில் அது. தொகை பெரிதில்லை. ஆனாலும் மூன்று முறை திரும்பி வந்தது. முதல் முறை ஓரத்தில் பென்சிலால் "எந்த ஹெட்?" என்று எழுதியிருந்தார்கள், எந்தச் செலவுத் தலைப்பு என்ற கேள்வி. இரண்டாம் முறை அதே கேள்வி சிவப்பு மையில். மூன்றாம் முறை கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளரே கூப்பிட்டனுப்பி, "ஏம்மா, தமிழ்த் துறையில எண்ணெய் எதுக்கு?" என்று கேட்டார்.

ஓலைச்சுவடிக்கு என்றேன். காய்ந்த ஏட்டை அப்படியே புரட்டினால் ஒடிந்துவிடும். தூசி தட்டி, இந்த எண்ணெயை மெல்லத் தடவினால் ஏடு இளகும், பூச்சியும் அண்டாது, அதன் பிறகே படம் பிடிக்கலாம் என்று விளக்கினேன். அவருக்கு நன்றாகவே புரிந்தது. "அதெல்லாம் சரிதாம்மா. கெமிஸ்ட்ரின்னா கெமிக்கல்ஸ் ஹெட்ல போட்டுருவேன். உங்க சாங்ஷன் ஆர்டர்ல அந்த ஹெட்டே இல்லையே" என்றார். கடைசியில் எண்ணெய் 'எழுதுபொருள்' கணக்கில் ஏறியது. ஓலையில் எழுதியவர்களை நினைத்துக்கொண்டால் அது அவ்வளவு பெரிய பொய்யும் இல்லை.

நிதியுதவி பெறும் ஆய்வுத் திட்டங்களில் இதுவரை மூன்று நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். எம்.ஃபில். முடித்த கையோடு சுவடித் திட்டத்தில் திட்ட ஆய்வாளர். பிறகு வேறொரு கல்வி நிறுவனத்தில் நிலத்தடி நீர் பற்றிய அறிவியல் திட்டம் ஒன்றில் கள உதவியாளர். அங்கே நீர் மாதிரி எடுப்பவர்களுக்கு மக்களிடம் பேச ஒரு ஆள் தேவைப்பட்டது, அதற்குத் தமிழ் படித்தவள் போதும் என்று நினைத்தார்கள். இப்போது இருப்பது, ஆய்வுத் திட்டங்களின் கோப்புகள் வந்துபோகும் ஓர் அலுவலக மேசை. பில்லைத் திருப்பி அனுப்பும் நாற்காலி.

வெளியில் இருப்பவர்கள் திட்டம் என்றால் பத்து லட்சம், இருபது லட்சம் என்று ஒரு மொத்தத் தொகையை நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு அது தொகையே அல்ல, தலைப்புகளின் வரிசை. ஆய்வாளர் ஊதியம், கருவி, நூல்கள், பயணம், வாடகைச் சேவை, கன்டிஞ்சென்சி எனும் சில்லறைச் செலவு, நிறுவனத்துக்கான ஓவர்ஹெட் எனும் நிர்வாகச் செலவு. பயணத்தில் மிஞ்சியதை நூலுக்கு மாற்ற வேண்டுமானால் முதன்மை ஆய்வாளர் கடிதம் எழுதி அனுமதி வாங்க வேண்டும். எந்த வேலைக்குத் தலைப்பு இருக்கிறதோ அந்த வேலை நடக்கும். தலைப்பு இல்லாதது, எவ்வளவு அவசியமானாலும், யாராவது ஒருவரின் நல்ல மனதை நம்பித்தான் நடக்க வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பெரிய ஆய்வுத் திட்டங்களுக்கு உச்சவரம்பு, அறிவியல் துறைகளுக்கு 20 லட்சம், கலை, மொழி, சமூக அறிவியல் துறைகளுக்கு 15 லட்சம். சிறிய திட்டங்களுக்கு 5 லட்சமும் 3 லட்சமும். இந்த வித்தியாசத்தில் எனக்குப் பெரிய மனக்குறை கிடையாது. நீரைச் சோதிக்கும் ஓர் அயனி மானி விற்கும் விலைக்கு எத்தனை அகராதி வாங்கலாம் என்று கணக்குப் போடுவது வெட்டி வேலை. என் குறை படிவத்தின் மேல். அது ஒரு ஆய்வுக்கூடத்தை மனதில் வைத்துத் தைத்த சட்டை. தமிழ்த் துறைக்காரரும் வரலாற்றுத் துறைக்காரரும் அதற்குள் கையை நுழைத்துக்கொள்கிறார்கள். 2023-இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தபோது ஆசையோடு எடுத்துப் படித்தேன். அதிலும் கலை, சமூக அறிவியல் துறைகள் இருக்கின்றன, ஆனால் அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும். வாசல் திறந்திருக்கிறது, பக்கவாட்டு வாசல்.

சுவடித் திட்டத்துக்கு வருகிறேன். தாமிரபரணிக் கரையில் ஒரு ஊர். சித்த வைத்தியப் பரம்பரைக் குடும்பம். வீட்டுப் பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல். சுவடிக் கட்டை வீட்டை விட்டு வெளியே கொடுக்கமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் திண்ணையில் கேமரா ஸ்டாண்டை நிறுத்தி, ஜன்னல் வெளிச்சம் மாறுவதற்குள் தினமும் முப்பது ஏடுகள் என்று எடுத்தோம். மொத்தம் 212 ஏடுகள். கண் மருத்துவமும் நாடி பார்ப்பதும் கலந்த கட்டு, நடுவில் யாரோ பால் கணக்கு எழுதிய இரண்டு ஏடுகள். அந்தப் பால் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அறிக்கையில் அதற்கு இடமில்லை.

கடைசி நாள் பெரியவர் சொன்னார்: "எல்லாத்தையும் படம் பிடிச்சிட்டீங்க. எனக்கு ஒரு பிரதி அச்சடிச்சுக் கொடுத்திரும்மா. பேரனுக்கு ஓலை வாசிக்க வராது. தாள்ல இருந்தா பெரிசாப் போட்டுப் படிச்சுக்கிடுவான்."

கண்டிப்பாக அய்யா என்றேன். சொல்வதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

திரும்பி வந்து பட்ஜெட்டைப் பார்த்தால் அச்சு என்ற தலைப்பு இருந்தது. ஆனால் அது இறுதி அறிக்கையின் பிரதிகளுக்கு. தகவல் தந்தவருக்குப் பிரதி என்று எதுவும் இல்லை. திட்டத்தை நடத்திய எங்கள் சார் நல்ல மனிதர். "அடுத்த தவணை வரட்டும்மா, பார்த்துக்கலாம்" என்றார். மிஞ்சியிருந்தது இறுதித் தவணைதான், அதன் கதை வேறு. முதலில் செலவு செய்ய வேண்டும், கணக்கை ஒப்படைக்க வேண்டும், அறிக்கை ஏற்கப்பட வேண்டும், அதன் பிறகுதான் பணம். கைக்காசு போட்டவர்களுக்குத்தான் அது திரும்பி வரும். எனக்கோ அப்போது ஏழு மாத ஊதியம் பாக்கி. கைக்காசுக்குக் கை மட்டும்தான் இருந்தது.

திட்டம் முடிந்தது. கேமரா, ஸ்டாண்டு, இரண்டு ஹார்ட் டிஸ்க் எல்லாம் துறையின் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறின. ரெஜிஸ்டரில் பொருளின் பெயருக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒரு கட்டம், வாங்கிய தேதிக்கு ஒரு கட்டம். டிஸ்குக்குள் என்ன இருக்கிறது என்று எழுதக் கட்டம் இல்லை.

இதையெல்லாம் யாருமே யோசித்ததில்லை என்று சொல்ல முடியாது. பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல் நடத்திவரும், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தில் மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது, எடுத்த படங்களின் ஒரு நகல் அந்தந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆர்க்கேடியா என்ற அறக்கட்டளை அதற்குப் பணம் தருகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் அந்த நிதியில் வேலைகள் நடந்திருக்கின்றன. பணம் கொடுப்பவர் நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும், ஆய்வாளரின் நல்ல மனதை நம்ப வேண்டியதில்லை. இது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அறிவியல் திட்டத்தில் வேறு விதமான அவசரம். தருமபுரிப் பக்கம் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்ததுதான். பிள்ளைகள் சிரித்தாலே பல்லில் பழுப்புக் கறை தெரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் நீர் எடுத்து ஒப்பிடுவது எங்கள் வேலை. அனுமதி ஆணை ஜூலையில் வந்தது, பணம் வந்தபோது நவம்பர். மழை சொன்ன தேதிக்கே தொடங்கிவிட்டிருந்தது. மழைக்கு முந்தைய மாதிரி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு வருடம் காலியாக நின்றது. பணத்துக்கும் ஒரு பருவம் உண்டு, மார்ச்சில் அடித்துப் பெய்யும். நிதியாண்டு முடிவதற்குள் செலவு காட்டாவிட்டால் அடுத்த தவணைக்குச் சிக்கல் என்பதால் டோனர், கையுறை, பாட்டில் என்று கண்டதையும் வாங்கி அடுக்குவோம். ஃபுளோரைடு மாதிரிக்குப் பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடியில் எடுக்கக் கூடாது. அந்த மார்ச்சில் மூன்று வருடத்துக்குப் போதுமான பாட்டில் வாங்கினோம்.

ஆய்வு மாணவர்களுக்குத் தரும் தொகை பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதத்துக்கு 2014-இல் 25,000, 2019-இல் 31,000, 2023-இல் 37,000 ரூபாய் என்று உயர்ந்திருக்கிறது. உயர்வு ஆணை போட்ட நாளும் உயர்ந்த தொகை கைக்கு வந்த நாளும் ஒன்றாக இருந்த ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கிணறுகளுக்கு எண் கொடுத்தோம். கிணறு 1, கிணறு 2 என்று 63 வரை. கட்டுரையில் ஊர்ப் பெயரும் உரிமையாளர் பெயரும் வரக் கூடாது. அது சரியான விதிதான். ஆனால் அந்த விதி கடைசியில் உரிமையாளருக்கே தெரியாமல் போவதில் முடிந்தது. இரண்டாம் சுற்றுக்குப் போனபோது ஒரு அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டார்: "போன தடவை எடுத்துட்டுப் போனீங்களே, என்ன இருந்துச்சுன்னு சொல்லவே இல்லையே?"

என் நோட்டில் பதில் இருந்தது. கிணறு 41: லிட்டருக்கு 2.3 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர்த் தரப்படி 1.0 வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். சொல்லலாமா என்று திட்டத்தின் முதன்மை ஆய்வாளரான மேடத்துக்குப் போன் போட்டேன். வெளியிடாத முடிவைச் சொல்ல அவர் தயங்கினார், ஊரில் பீதி கிளம்பிவிடும் என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. பிறகு அவரே, "எழுதிக் கொடுத்துடு, ஆனா என்ன செய்யணும்னும் சேர்த்து எழுதிக் கொடு" என்றார். அன்று ராத்திரி விடுதி அறையில் உட்கார்ந்து 63 சீட்டுகள் கையால் எழுதினேன். பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் கொடுக்க வேண்டாம், குளிக்க, துவைக்கத் தடையில்லை என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த அம்மா சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப குடிக்க எங்க போறது?" என்றார். பஞ்சாயத்துக் குழாய் என்றேன். "அது நாலு நாளைக்கு ஒருக்கா வருது" என்றார். அதற்கு மேல் எங்கள் திட்டத்தில் பதில் இல்லை.

சீட்டு கொடுக்க ஊருக்குத் தனியாகப் போய்வந்த பேருந்துக் கட்டணத்தைப் 'பயணம்' தலைப்பில் எழுதினேன். மாதிரி எடுக்காத நாளில் பயணம் எதற்கு என்று ஆடிட்டில் கேட்டார்கள். மேடம் தன் கையிலிருந்து கட்டிவிட்டார். 2022 மே மாதம் அறிவியல் தொழில்நுட்பத் துறை, அறிவியலாளரின் சமூகப் பொறுப்பு பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. திட்டச் செலவில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம் என்கிறது. அறிவியலுக்காவது ஒரு தலைப்பு பிறந்திருக்கிறது.

மூன்றாவது நாற்காலியில் என் வேலை, தந்த பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது. எல்லோரும் யூ.சி. என்பார்கள். அரசின் பொது நிதி விதிகளில் வரும் ஜி.எஃப்.ஆர். 12-ஏ என்ற படிவம். வங்கியில் கிடந்த பணத்துக்கு வட்டி வந்திருந்தால் அதையும் அரசுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். 312 ரூபாய் வட்டியை ஆன்லைனில் கட்டி ரசீது எடுக்க ஒரு பேராசிரியருக்கு அரை நாள் ஆனதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அவர் இரண்டு முறை பாஸ்வேர்டு மறந்தார்.

போன வருடம் நாட்டார் வழக்காற்றுத் திட்டத்தில் இருக்கும் பையன் ஒருவன் பில் கொண்டுவந்தான். பாடல் சொன்ன பாட்டிகளுக்குச் சேலை ஐந்து, வெற்றிலை பாக்கு. வெற்றிலைக்கு ரசீது இல்லை, வெள்ளைத்தாளில் அவனே எழுதியிருந்தான். நான் பென்சிலை எடுத்து, ஓரத்தில் எழுதி, கோப்பை மூடி அடுத்ததை எடுத்தேன். சாயங்காலம் தேநீர் குடிக்கும்போதுதான் நான் என்ன எழுதினேன் என்பது உறைத்தது. மறுநாள் அவனைக் கூப்பிட்டு, 'வாடகைச் சேவை' தலைப்பில் தகவலாளர் மதிப்பூதியம் என்று காட்டி, பாட்டிகளிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வரச் சொன்னேன். அதிலிருந்து புதிய முன்மொழிவுகள் மேசைக்கு வந்தால், முடிவைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பயணமும், பிரதிக்கு ஒரு தொகையும் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிறேன். போடாதவர்களிடம் சொல்கிறேன். சிலர் சேர்க்கிறார்கள். சிலர், பட்ஜெட் பெரிதானால் கிடைக்காது மேடம் என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

சுவடித் திட்டம் நடந்த துறையில் இருக்கும் ஒரு தோழி சென்ற மாதம் போன் செய்தாள். கட்டடம் மாறுவதால் பழைய சாமான்களைக் 'கண்டம்' செய்ய, அதாவது கழித்துக்கட்ட, பட்டியல் போடுகிறார்களாம். உடைந்த நாற்காலி 14, மின்விசிறி 3, ஹார்ட் டிஸ்க் 2 (பழுது). அனுமதி வாங்கிக்கொண்டு சனிக்கிழமை போனேன். கம்ப்யூட்டர் மையத்துத் தம்பி இரண்டையும் செருகிப் பார்த்தான். ஒன்று திறக்கவே இல்லை. மற்றொன்று முனகிக்கொண்டே திறந்தது. பெரியவர் வீட்டுக் கட்டு அதில் இருந்தது. 212 ஏட்டில் 131 வரை. பால் கணக்கும் இருந்தது.

பேரனின் பழைய எண்ணுக்குப் போட்டால் எடுத்தான். தாத்தா இருக்கிறார், கண்தான் சரியில்லை, பெரிதாக அச்சடித்தால் தானே வாசித்துக் காட்டுவேன் என்றான். அச்சகத்தில் பக்கத்துக்கு எவ்வளவு என்று கொட்டேஷன் வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு கொட்டேஷன்தான்.