பாதியில் நிறுத்திய வகுப்பு

“நிறுத்துனதும் யூஸ் பண்ணதுதானே மேடம்?”

பள்ளியில் கற்பித்தல் பயிற்சிக்குப் போயிருந்த என் பி.எட். மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டது இது. கோபத்தில் கேட்கவில்லை. அப்சர்வேஷன் நோட்டில் நான் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தெரிந்துகொள்ள வேண்டும் என்ற முகத்தோடுதான் கேட்டாள். நான் எழுதியிருந்தது ஒரே வரி: ‘தொழில்நுட்பப் பயன்பாடு பாதியில் நிறுத்தப்பட்டது.’ அதற்கு நேரே இருந்த கட்டத்தில் பத்துக்கு ஐந்து.

“ஐசிடி பாடம்னு எழுதிக் கொடுத்துட்டு அது பாதியிலயே நின்னா, அதுக்கு மேல போட முடியாதும்மா” என்றேன். ஐசிடி பாடம் என்றால் கம்ப்யூட்டர் போன்ற தொழில்நுட்பத்தை வைத்து நடத்தும் பாடம். சரிங்க மேடம் என்று நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வெளியே நடந்தது இவ்வளவுதான். ஆனால் அவள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, மதிப்பெண்ணுக்குத்தான் விளக்கம் சொன்னேன் என்பது அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே உறுத்த ஆரம்பித்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பு, மின்னோட்டப் பாடம். அந்த அரசுப் பள்ளியின் ஹைடெக் லேப் என்கிற கம்ப்யூட்டர் அறை எங்களுக்குக் கிடைப்பதே பெரிய காரியம். ஆன்லைன் தேர்வு இருக்கும், இல்லையென்றால் யாராவது அரசின் எமிஸ் தளத்தில் பள்ளி விவரங்களைப் பதிவு செய்துகொண்டிருப்பார்கள். அன்று கிடைத்தது. பிள்ளைகளை வரிசையில் கூட்டி வந்து, செருப்பை வெளியே விடச் சொல்லி, உட்கார வைப்பதற்குள் பீரியடில் ஒரு பகுதி போய்விட்டது. அவள் ஃபெட் சிமுலேஷனை, அதாவது சோதனையைத் திரையிலேயே செய்து பார்க்கும் மென்பொருளைத் திறந்தாள். இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கிய கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. இணையம் இல்லாமலும் ஓடும்படி இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பதால் எங்கள் மாணவர்களிடம் முதலில் அதைத்தான் பழக்குகிறேன். பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

பேட்டரி, வயர், பல்பு எல்லாம் இழுத்து வைத்து சர்க்கியூட்டை மூடியதும் எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்கின. பிள்ளைகள் ‘ஓ’ என்றார்கள். அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு பையன், “டீச்சர், வோல்ட்ட ஏத்திக்கிட்டே போனா பல்பு ஃபியூஸ் போயிடாதா?” என்றான். அவள் ஏற்றிக் காட்டினாள். நூறு வோல்ட்டைத் தாண்டியும் பல்பு இன்னும் பளிச்சென்று எரிந்ததே தவிர ஒன்றும் ஆகவில்லை. அந்தச் சிமுலேஷனில் பல்பு ஃபியூஸ் ஆகாது.

‘இதில் ஆகாது, நிஜத்தில் ஆகும்’ என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மேலே போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். அவள் பையைத் திறந்து டார்ச் செல்களையும், ஹோல்டரில் மாட்டிய சின்ன பல்பையும், வயரையும் எடுத்தாள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். ஒரு செல், மங்கலாக எரிந்தது. இரண்டு செல், நன்றாக எரிந்தது. மூன்றாவதில் கண்ணைக் கூசியது. நான்காவதைச் சேர்த்ததும் ஒரு மின்னல் போல வெட்டிவிட்டு அணைந்தது. அந்த அறையில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, பக்கத்து அறையில் இருந்த ஆசிரியர் எட்டிப் பார்த்தார். அப்புறம் இழை எப்படி சூடாகிறது, எங்கே அறுந்தது என்று பல்பைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். மணி அடித்தது. புரொஜெக்டரில் அந்த இன்னொரு பல்பு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

நல்ல வகுப்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த வழிகாட்டி ஆசிரியரும் “பொண்ணு நல்லா பண்ணிருச்சு மேடம்” என்றார். பிறகு ஏன் ஐந்து?

அவள் பாடத் திட்டத்தில் முக்கியமான இடம் இன்னும் வரவேயில்லை. பல்பு கரண்டைத் தின்றுவிடுகிறது, அதனால் பல்புக்கு அந்தப் பக்கம் கரண்ட் குறைந்துவிடும் என்று நிறையப் பிள்ளைகள் நம்புகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் மட்டுமல்ல, பி.எட். சேர வருகிற இயற்பியல் பட்டதாரிகளிலும் அப்படி நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே தடத்தில் போகும் சர்க்கியூட்டில் எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒன்றுதான். அம்மீட்டரை முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை மாட்டி அதைக் காட்டலாம். ஆனால் பல்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்வதை டார்ச் செல்லை வைத்துக் கண்ணால் காட்ட முடியாது. சிமுலேஷனில் காட்டலாம். கம்ப்யூட்டர் இருந்தால்தான் முடியும் என்கிற அந்த ஓர் இடத்துக்கு முன்பே அவள் நின்றுவிட்டாள். பல்பு ஃபியூஸ் ஆனது பிள்ளைகளுக்கு மறக்காது. கரண்டைத் தின்னும் பல்பும் அவர்கள் மனதில் அப்படியே இருந்திருக்கும்.

இதை யோசிக்கும்போதெல்லாம் நான் போட்டது சரிதான் என்று படுகிறது. பாடப்பொருள் ஒரு வட்டம், கற்பிக்கும் முறை ஒரு வட்டம், தொழில்நுட்பம் ஒரு வட்டம், மூன்றும் வெட்டிக்கொள்ளும் நடுத்துண்டுதான் ஆசிரியர் நிற்க வேண்டிய இடம் என்று ஒவ்வோர் ஆண்டும் கரும்பலகையில் வரைகிறேன். கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986இல் முதல் இரண்டையும் சேர்த்துப் பேசினார். புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் மூன்றாவதைச் சேர்த்தார்கள். மாணவர்கள் இதை அழகாக வரைந்து, கலர் அடித்து, பரீட்சையில் மதிப்பெண் வாங்கிவிடுவார்கள். ஒரு பாடத்தில் அந்த நடுத்துண்டு எந்த நிமிடத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பது மட்டும் வராது. அவளுக்கு வந்திருந்தது. பாடத் திட்டத்தில் எழுதியும் இருந்தாள். அதனால்தான் அதைச் செய்யாமல் விட்டது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் அதே மிஸ்ரா 2019இல், அந்தப் படத்தைச் சுற்றியுள்ள வட்டத்தைச் சூழல் பற்றிய அறிவு என்று பெயரிட்டுத் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார். அதையும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த வகுப்பு, எந்தப் பிள்ளைகள், அந்த நேரத்தில் அவர்கள் எதில் நிற்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிய வேண்டும். ஒரு பையன் கேள்வி கேட்டு முப்பத்துச் சொச்சம் முகங்களும் பதிலுக்குக் காத்திருக்கும்போது, எலக்ட்ரான் வேகத்தைப் பற்றிப் பேசினால் காதில் ஏறியிருக்குமா? அவள் அந்த வெளி வட்டத்தைப் பார்த்தாள் என்று ஏன் எடுத்துக்கொள்ளக்கூடாது?

இன்னொன்றும் தோன்றுகிறது. ஒரு நேரத்தில் ஒரு கற்பித்தல் திறனை மட்டும் எடுத்துப் பழகும் நுண்நிலைக் கற்பித்தலில் கரும்பலகையைப் பயன்படுத்தும் திறன் என்று ஒன்று உண்டு. படம் போட்டுக்கொண்டிருந்த மாணவி சாக்பீஸை வைத்துவிட்டுக் கையாலேயே செய்து காட்டினால், ‘கரும்பலகைப் பயன்பாடு பாதியில் நிறுத்தப்பட்டது’ என்று நான் எழுதுவேனா? மாட்டேன். சமயோசிதம் என்று பாராட்டியிருப்பேன். கம்ப்யூட்டர் என்றால் மட்டும் ஏன் வேறு கணக்கு? அதற்குச் செலவழித்திருக்கிறோம், பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம், சாவி வாங்க ஒரு வாரம் முன்னாலேயே சொல்லி வைக்கிறோம். அவ்வளவு பாடுபட்டுத் திறந்த அறையில் கடைசி வரை அதைத்தான் ஓட்ட வேண்டும் என்று நமக்குள் ஒரு நினைப்பு வந்துவிடுகிறது போல.

சரி, அப்படியானால் மதிப்பெண்ணை மாற்றியிருக்க வேண்டியதுதானே என்றால், அங்கேதான் பை வந்து நிற்கிறது.

பையன் கேள்வி கேட்பதற்கு முன்பே செல்லும் பல்பும் அந்தப் பைக்குள் இருந்தன. ஹோல்டரில் மாட்டி, வயரின் முனையெல்லாம் சீவித் தயாராக இருந்தன. முதலாண்டில் எங்கள் லேபில் அவள் எப்படி உட்கார்ந்திருப்பாள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மவுஸை எப்போதும் பக்கத்தில் இருப்பவளிடம் விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள். பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது, ஆனால் தம்பிதான் அதில் உட்காருவான் என்று ஒருமுறை சொன்னாள். அந்தப் பயத்திலிருந்து அவள் வெகுதூரம் வந்திருந்தாள் என்பது உண்மை. அந்தப் பயம் முழுதாகப் போய்விட்டதா என்பது எனக்குத் தெரியாது. பையனின் கேள்வி அவளுக்கு ஒரு வாய்ப்பாக அமைந்ததா, தப்பிக்க ஒரு வாசலாக அமைந்ததா? இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இதை நான் சும்மா கிளப்பவில்லை. ‘பிள்ளைங்களுக்கு நேர்ல செஞ்சு காட்டுனாதான் மேடம் புரியும்’ என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் தொடாமலே இரண்டு ஆண்டுகளையும் தாண்டிப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த வாக்கியம் அவ்வளவு நல்ல வாக்கியம், எதிர்த்துப் பேசவே முடியாது. ஆனால் சர்க்கியூட் விஷயத்தில் அது முழு உண்மையும் அல்ல. கொலராடோவில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், நிஜமான பல்பும் வயரும் வைத்துப் பழகிய கல்லூரி மாணவர்களைவிட சிமுலேஷனில் பழகியவர்கள், பிறகு நிஜ சர்க்கியூட்டைக் கட்டி விளக்குவதிலும் மேலாகவே செய்தார்கள். முதன்முதலில் படித்தபோது என்னாலேயே நம்ப முடியவில்லை. எங்கள் பிள்ளைகள் அந்த மாணவர்கள் அல்ல என்பதும் தெரியும். அங்கே மாணவர்களே தங்கள் கையால் இழுத்து வைத்துச் செய்தார்கள், இங்கே ஒரு வகுப்புக்கே ஒரு திரை. அதுவும் சேர்ந்துதான் என்னைக் குழப்புகிறது.

அந்தப் பை விஷயத்தில் எனக்கே ஒரு பங்கு உண்டு. கரண்ட் போனால் என்ன செய்வாய் என்பதையும் பாடத் திட்டத்தில் எழுது, மாற்றுப் பொருள் இல்லாமல் ஐசிடி வகுப்புக்குள் போகாதே என்று திரும்பத் திரும்பச் சொல்பவள் நான். எங்கள் பள்ளிகளுக்குப் போகிற எந்த ஆசிரியருக்கும் அது தேவை, இன்றும் அதைச் சொல்வேன். அவள் பாடத் திட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ‘மின்தடை ஏற்பட்டால்: டார்ச் செல், பல்பு, வயர்’ என்று எழுதியிருந்தாள். நான்தான் கையெழுத்துப் போட்டேன். பையில் அது இருந்ததைச் சந்தேகத்துக்குக் காரணமாக நான் எடுத்துக்கொள்வது நியாயமா என்று கேட்டால் பதில் வரவில்லை.

அவளிடமே கேட்டிருக்கலாம். ‘ஏம்மா நிறுத்துன?’ இரண்டே வார்த்தை. அன்று எனக்கு அடுத்த பீரியட் இன்னொரு பள்ளியில் அப்சர்வேஷன் இருந்தது. அப்புறம் கேட்டால் மதிப்பெண்ணை மாற்றுவதற்காகக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்வாளோ என்று தயக்கம். அவள் ‘பையனுக்காகத்தான் மேடம்’ என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. ஒருவேளை அதனால்தான் கேட்கவில்லையோ என்னவோ.

அவள் இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள். தொடுதிரைப் பலகையோடு வரும் ரெடிமேட் பாடங்கள் அங்கே உண்டாம். ஒவ்வோர் ஆசிரியரும் வாரத்துக்கு எத்தனை நிமிடம் ஓட்டினார் என்று கணக்குப் பார்ப்பார்களாம். “எனக்கு நிமிஷம் எப்பவும் குறைஞ்சுதான் மேடம் இருக்கும், கூப்பிட்டுக் கேப்பாங்க” என்று போனில் சொன்னாள். அந்த நோட்டைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆனால் நான் போட்ட அந்தக் கட்டமும் அந்தப் பள்ளியின் நிமிடக் கணக்கும் ஒன்றா, வேறு வேறா என்று போனை வைத்த பிறகு வெகுநேரம் யோசித்தேன். வேறு என்றுதான் நினைக்கிறேன். அவர்களுக்கு நிமிடம் நிறைந்தால் போதும். எனக்கு எலக்ட்ரான் வேகம் வர வேண்டியிருந்தது. ஆனால் நோட்டில் நான் எலக்ட்ரானைப் பற்றி எழுதவில்லையே. பாதியில் நிறுத்தப்பட்டது என்றுதானே எழுதினேன்.

இந்த ஆண்டுப் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு விதி சொல்லியிருக்கிறேன். ஐசிடி பாடம் என்றால், கரண்ட் போகாத வரைக்கும், கம்ப்யூட்டர் இருந்தால்தான் முடியும் என்று நீங்களே பாடத் திட்டத்தில் குறித்த அந்த இடத்தைக் காட்டி முடிக்கும் வரை மாற்றுப் பொருளை வெளியே எடுக்கக்கூடாது. முடித்த பிறகு உங்கள் விருப்பம். பயந்து ஒதுங்குகிற மாணவர்களுக்காக வைத்த விதி இது. அவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லாவிட்டால் பிறகு எங்கேயும் கிடைக்காது. என் சக பேராசிரியர் ஒருவர், நன்றாகச் செய்கிற மாணவர்களை இது கட்டிப்போடும் என்கிறார். அதையும் மறுக்க முடியவில்லை. அந்த இடம் வருவதற்கு முன்பே ஒரு பையன் எழுந்து கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று இந்த பேட்ச்சில் இன்னும் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டால், விதியை விட்டுவிட்டு அவனுக்குப் பதில் சொல்லுங்கள் என்றுதான் சொல்வேன். அப்படிச் செய்துவிட்டு நோட்டை என்னிடம் நீட்டினால் அந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்பதைத்தான் இன்னும் முடிவு செய்யவில்லை.