1972 செவ்ரொலே சி10: என் பழைய பிக்கப்பை விற்ற அனுபவம்

பழைய பிக்கப்பைச் சீர்செய்து வைத்திருப்பவர்கள் அதை விற்க நினைத்தால் பெயிண்டைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். விவரம் தெரிந்து வாங்க வருகிறவர் தேடுவது பெயிண்டுக்கு அடியில் இருப்பதைத்தான். கலிஃபோர்னியாவில் என்னுடைய 1972 செவ்ரொலே சி10 கைமாறிய விதத்தை இங்கே எழுதுகிறேன். இந்த ஊரில் பழைய வண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் யாருக்காவது உதவும்.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். 1967 முதல் 1972 வரை வந்த சி10 வரிசையில் இது கடைசி வருட மாடல். 1971-லிருந்துதான் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வழக்கமாகவே வர ஆரம்பித்தது. அதனால் கடைசி இரண்டு வருட வண்டிகளைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. தொழிற்சாலையிலேயே தகட்டில் பொறித்த வண்டி எண்ணில் (நம்பர் பிளேட் எண் அல்ல) 1972-ஐக் குறிக்கும் 2-க்கு அடுத்து ‘இசட்’ என்ற எழுத்து இருக்கும். கலிஃபோர்னியாவிலேயே இருக்கும் ஃபிரீமாண்ட் ஊர்த் தொழிற்சாலையில் செய்தது என்று அர்த்தம். அந்தத் தொழிற்சாலையை ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல் மூடியது. அப்புறம் டொயோட்டாவோடு கூட்டாக நடத்தியது. இன்று அங்கே டெஸ்லா கார்கள் தயாராகின்றன. நான் குடியிருப்பதும் ஃபிரீமாண்டில்தான். பிறந்த ஊரிலேயே ஐம்பது வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி என்பதில் எனக்கு அப்படியொரு பெருமை.

விலை வைப்பதுதான் பெரிய தலைவலி. விளம்பரத்தில் கேட்கும் விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. ஆன்லைன் ஏலங்களில் உண்மையிலேயே விற்று முடிந்த விலைகளை மட்டும் குறித்துக்கொண்டேன். ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கும் வழக்கம் இங்கே உண்டு. கண்காட்சிக்கு வைக்கும் வண்டி ஒன்று, ஏதோ ஓடுகிறது என்கிற நிலை நான்கு. என்னுடையது மூன்று, தாராளமாகப் பார்த்தாலும் இரண்டரை. போட்ட பணமும் ராத்திரி ராத்திரியாக உழைத்த கூலியும் இந்தக் கணக்கில் வரவே வராது. அதை மனசு ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆனது.

இன்னொன்று, என் வண்டிக்குப் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டி எட்டடி. சந்தையில் ஆறரை அடித் தொட்டிக்குத்தான் மவுசு. சேஸிஸை வெட்டிக் குட்டையாக்கிவிட்டால் விலை எகிறும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நிறையப் பேர் அப்படிச் செய்யவும் செய்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த நீளத்தோடே போகட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்ட விலை 24,500 டாலர்.

விளம்பரத்தில் குறைகளைத்தான் முதலில் எழுதினேன். எஞ்சின் அசல் இல்லை. வந்தது 307 கன அங்குல எஞ்சின், இப்போது இருப்பது 350. மைல்மீட்டரில் ஐந்து இலக்கம்தான், எத்தனை தடவை சுற்றி வந்ததோ தெரியாது. எனவே உண்மையான மைல் கணக்கு சொல்ல முடியாது. கேபின் பின்மூலை இரண்டிலும் துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்திருக்கிறது. இதையெல்லாம் எழுதிவிட்டு, பெயிண்ட் அடிக்கும் முன்பு தகடு வெறுமையாக இருந்தபோது எடுத்த படங்களையும் போட்டேன். வெல்டிங் தழும்பு தெரிகிற அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சரியான ஆட்கள் கூப்பிட்டார்கள். பளபளப்பான படத்தைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் பெரும்பாலும் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் காணாமல் போனார்கள்.

நடுவில் ஒருவர் வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலைக்குச் சம்மதம் என்றார். கூடுதல் தொகைக்குச் செக் அனுப்புகிறேன், மிச்சத்தை லாரிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றார். பழைய மோசடிதான். செக் போலி என்று வங்கி கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நம் கைப்பணம் போயிருக்கும். பதில்கூட எழுதாமல் விட்டேன்.

கடைசியில் வாங்கியவர் ஃபிரெஸ்னோ பக்கம் பாதாம் தோப்பு வைத்திருப்பவர். போனிலேயே ஒரு நிபந்தனை போட்டார்: நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்கத்தான். வந்ததும் பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்ததும்தான் முகத்தில் திருப்தி தெரிந்தது. ஆக்சிலரேட்டரை ஒருமுறை அழுத்திவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அப்படி அழுத்தினால்தான் கார்புரேட்டரில் காற்றைக் குறைக்கும் சோக் தகடு விழும். பிடித்துக்கொண்டது.

அப்புறம் சட்டைப்பையிலிருந்து மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்றை எடுத்தார். கதவுக்கு அடிப்பகுதி, சக்கரத்துக்கு மேல் வளைவு, கேபின் மூலை என்று ஒவ்வொரு இடமாக ஒட்டிப் பார்த்தார். பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டி தடிமனாக இருந்தால் காந்தம் பிடிக்காமல் நழுவும். மூலைகளில் அது டப்பென்று ஒட்டிக்கொண்டது. இந்த மாடலில் பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால் இருக்கும். அங்கே டார்ச் அடித்து, குனிந்து முகர்ந்து பார்த்தார். டேங்கும் குழாயும் புதிது என்று ரசீதைக் காட்டினேன். பிறகு கீழே படுத்து சேஸிஸ் முழுக்கப் பார்த்தார். கதவோரத் தகட்டில் இருந்த எண்ணை உரிமைப் பத்திரத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப் பார்த்தார். எனக்கு எரிச்சலே வரவில்லை. இப்படிப் பார்க்கிறவரிடம்தான் வண்டி போக வேண்டும் என்று தோன்றியது.

ஓட்டிப் பார்க்கும் முன் அவருடைய லைசென்ஸையும் இன்சூரன்ஸையும் நான் பார்த்தேன். கூடவே உட்கார்ந்து போனேன். நம்மூர் அம்பாசடர் மாதிரி இதற்கும் ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர், ஆனால் மூன்றுதான். சின்ன வயதிலிருந்து ஓட்டியவர்போல முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குச் சத்தமில்லாமல் மாற்றினார்.

பேரம் பத்து நிமிடம்கூட நீளவில்லை. 23,000-க்கு முடிந்தது. அவருடைய வங்கியின் கிளை எங்கள் ஊரிலும் இருந்தது. வார நாள் காலையில் இருவரும் சேர்ந்து போய், காசாளர் என் கண்ணெதிரே எடுத்துக்கொடுத்த வங்கிச் செக்கை வாங்கிக்கொண்டேன். இதைத் தவிர வேறு எந்த வழிக்கும் நான் ஒத்துக்கொண்டிருக்க மாட்டேன்.

தாள் வேலை நினைத்ததைவிடச் சுலபம். 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு இங்கே ஸ்மாக் சோதனை, அதாவது புகைச் சோதனை, கிடையாது. உரிமைப் பத்திரத்தில், இங்கே பிங்க் ஸ்லிப் என்பார்கள், என் பெயரும் மனைவி பெயரும் ‘மற்றும்’ போட்டு இருந்ததால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ‘அல்லது’ என்று இருந்தால் ஒருவர் போதும். வீட்டில் இருக்கும் பத்திரத்தை முன்கூட்டியே எடுத்துப் பார்த்துவிடுங்கள். நம்பர் பிளேட் வண்டியோடேயே போகும். நீலத்தில் மஞ்சள் எழுத்து போட்ட அந்தக் காலத்து பிளேட் என்பதால் அவருக்கு அதில் தனி சந்தோஷம்.

விற்றவர் ஐந்து நாளுக்குள் டி.எம்.வி-க்கு, அதாவது மாநில வாகனப் பதிவுத் துறைக்கு, தெரிவிக்க வேண்டும். வண்டி தெருமுனை திரும்பியதும் நான் ஆன்லைனில் அதைச் செய்துவிட்டேன். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிப் பாலங்களில் இப்போது சுங்கத்தை நம்பர் பிளேட்டைப் படம் பிடித்தே வசூலிக்கிறார்கள். தெரிவிக்காமல் விட்டால் அந்த பில்லும் பார்க்கிங் அபராதமும் நம் வீட்டுக்குத்தான் வரும். இன்சூரன்ஸை மட்டும் உடனே நிறுத்தவில்லை. வண்டியைத் தன் பெயருக்கு மாற்றிவிட்டதாக அவர் செய்தி அனுப்பிய பிறகே நிறுத்தினேன். மீதமிருந்த கதவு ரப்பரையும் பழைய விளக்குக் கண்ணாடிகளையும் பெட்டியில் போட்டு அவருக்கு அனுப்பிவைத்தேன்.