டி ஆன்சாவிலிருந்து யு.சி.க்கு: காலாண்டுக் கணக்கு பிசகாமல் இருக்க

கலிபோர்னியாவின் கூப்பர்டினோ, சன்னிவேல் பக்கத்துத் தமிழ் வீடுகளில் டி ஆன்சா என்ற சமுதாயக் கல்லூரியின் பேரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிவிடும். பெர்க்லி பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளை போகிற இடம் என்ற நினைப்பு. எளிதாக இருக்கும் என்று நம்பிச் சேருகிறவர்கள்தான் முதல் காலாண்டிலேயே மாட்டிக்கொள்கிறார்கள். சேர்வது மட்டுமே எளிது.

கலிபோர்னியா 1960-ல் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே இந்தப் பாதை இருக்கிறது. பள்ளி முடித்தவர்களில் மேல்மட்ட எட்டில் ஒரு பங்கு கலிபோர்னியா பல்கலைக்கழகமான யு.சி.க்கு, மேல்மட்ட மூன்றில் ஒரு பங்கு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு, சமுதாயக் கல்லூரி எல்லோருக்கும். அங்கே இரண்டு ஆண்டு படித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறலாம். ஃபுட்ஹில் கல்லூரி 1958-ல் மவுன்டன் வியூவில் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் தொடங்கியது. அதன் தங்கைக் கல்லூரியாக 1967-ல் திறந்தது டி ஆன்சா. 1776-ல் இந்தப் பகுதி வழியாகப் பயணம்போன ஸ்பானியத் தளபதியின் பேர் அது. வளாகத்தில் இருந்த ஃப்ளின்ட் அரங்கில்தான் 1984 ஜனவரி 24 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் மேகின்டாஷ் கணினியைக் காட்டினார். அரங்கை 2019-ல் மூடிவிட்டார்கள்.

செவிலியர் படிப்பு, கார் பழுதுநீக்கும் தொழில்நுட்பம், சி.என்.சி. இயந்திரப் பயிற்சி, திரைப்படம், அனிமேஷன் என்று தொழிற்படிப்புகளும் இங்கே உண்டு. ஆனால் நம் வீடுகளில் பெரும்பாலும் கேட்பது யு.சி. மாற்றத்தைப் பற்றித்தான். அதில் சறுக்குவதற்கு முதல் காரணம் காலாண்டு முறை.

பக்கத்துச் சமுதாயக் கல்லூரிகளில் பலவற்றில் செமஸ்டர். இங்கே ஒரு காலாண்டு இறுதித்தேர்வு வாரத்தோடு சேர்த்து 12 வாரம். மூன்றாம் நான்காம் வாரத்திலேயே முதல் இடைத்தேர்வு வந்துவிடும். பாடத்தின் அளவைக் குறிக்கும் யூனிட் ஒன்றுக்கு வகுப்பும் வீட்டுப்படிப்பும் சேர்த்து வாரம் மூன்று மணி நேரம் என்பது கணக்கு. 15 யூனிட் எடுத்தால் 45 மணி நேரம். அதன் மேல் 20 மணி நேர வேலை வைத்துக்கொண்டு கால்குலஸையும் இயற்பியலையும் ஒரே காலாண்டில் எடுப்பது தாங்காது. எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர்கள் 12 யூனிட்டுக்குக் கீழே இறங்க முடியாது. அதனால் அவர்கள் கடினமான பாடத்தோடு லேசான ஒரு பொதுப்பாடத்தைச் சேர்த்து எடுப்பது நல்லது.

செமஸ்டர் யூனிட் ஒன்று காலாண்டு யூனிட் ஒன்றரைக்குச் சமம். மூன்றாம் ஆண்டில் சேர 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 காலாண்டு யூனிட் வேண்டும். மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 31 டாலர் வீதம் 90 யூனிட்டுக்கு 2,790 டாலர். புத்தகமும் சில்லறைக் கட்டணங்களும் தனி. மாநிலவாசி ஆக, காலாண்டு தொடங்குவதற்கு முன் ஓர் ஆண்டும் ஒரு நாளும் கலிபோர்னியாவில் குடியிருந்திருக்க வேண்டும். எஃப்-1 விசாவில் இருக்கும் காலம் இதில் சேராது. வெளிமாநிலக் கட்டணம் பல மடங்கு.

தொடர்பாடங்களைப் பாதியில் இடம் மாற்றுவது பெரிய ஆபத்து. இங்கே கால்குலஸ் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு காலாண்டு ஓடும். செமஸ்டர் கல்லூரியில் அதே பாடம் மூன்று துண்டு. 1ஏ முடித்துவிட்டுக் கோடையில் வேறு கல்லூரியில் கால்குலஸ் 2 எடுத்தால் தொகையீட்டின் தொடக்கம் விட்டுப்போகும். 1பி முடித்துவிட்டுப் போனால் படித்ததையே பாதி திரும்பப் படிக்க வேண்டும். பல்கலைக்கழகம் தொடரை முழுதாகப் பார்க்கும். ஆரம்பித்த இடத்திலேயே முடியுங்கள்.

எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதற்கு அசிஸ்ட் இணையதளம் ஒன்றுதான் ஆதாரம். நண்பர் சொன்னார் என்பது போதாது. டி ஆன்சா, சேர நினைக்கும் வளாகம், துறை மூன்றையும் கொடுத்துப் பட்டியலை இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். ஒரே கணினி அறிவியலுக்கு டேவிஸ் கேட்பதும் சான் டியாகோ கேட்பதும் வேறாக இருக்கும். 2025 இலையுதிர் காலம் முதல் மாநிலம் முழுக்கப் பொதுவான பாடக் குறியீடுகள் வரத் தொடங்கியுள்ளன. ஆங்கிலம் சி1000 போன்ற புதுப் பேரைக் கண்டு, எடுத்த பாடத்தையே மறுபடி எடுத்துவிட வேண்டாம்.

டேக் என்பது சேர்க்கை உத்தரவாதம். அது டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா க்ரூஸ் ஆகிய ஆறு வளாகங்களுக்கு மட்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியாகோ இதில் இல்லை. ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரை விண்ணப்பம். அதற்குள், கோடை முடிவில், 45 காலாண்டு யூனிட் கையில் இருக்க வேண்டும். மூன்று காலாண்டில் 15 வீதம் எடுத்தால் சரியாக 45. மிச்சம் ஒன்றும் இல்லை. நடுவில் 5 யூனிட் பாடம் ஒன்றை விட்டால் கோடையில் எடுத்து ஈடுகட்டியாக வேண்டும். துறைவாரியாக விலக்குகளும் உண்டு. சாண்டா பார்பராவின் பொறியியல் கல்லூரிக்கு டேக் கிடையாது.

பாடத்தை விடுவதிலும் ஒரு கணக்கு. முதல் இரண்டு வாரத்துக்குள் விட்டால் பதிவேட்டில் தடம் இருக்காது; பிறகு விட்டால், பாடத்தை விட்டதைக் காட்டும் டபிள்யூ என்ற குறி விழும். சரியான தேதி பாடத்துக்குப் பாடம் மாறும், மாணவர் கணக்கில் பாருங்கள். டபிள்யூவும் ஒரு முயற்சியாகவே எண்ணப்படும், ஒரு பாடத்துக்கு மொத்தம் மூன்று முயற்சிதான். முதல் நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் ஆசிரியரே பேரை எடுத்துவிடலாம். அந்த இடத்துக்காகக் காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் அதே அறையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

பள்ளியில் படிக்கும்போதே இங்கே ஒரு பாடம் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: அந்த மதிப்பெண் கல்லூரிப் பதிவேட்டில் நிரந்தரம். பத்தாம் வகுப்பில் விளையாட்டாக வாங்கிய டி கிரேடையும் பின்னால் யு.சி. விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த இடமே ரத்தாகும்.

டேக் போட்டாலும் யு.சி.யின் பொது விண்ணப்பத்தை நவம்பர் முடிவதற்குள் தனியாக நிரப்ப வேண்டும். ஜனவரியில் இலையுதிர் காலாண்டு மதிப்பெண்களையும் மீதிப் பாடத்திட்டத்தையும் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும். உத்தரவாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கோட்டைவிடுகிறவர்கள் அந்த மின்னஞ்சலைத் திறக்காதவர்கள்தான்.