தெரியாமக் கொடுத்திருந்தா?

"தெரியாமக் கொடுத்திருந்தா, மேம்?"

கேட்டவன் இரண்டாமாண்டு பி.காம். மாணவன். கேட்ட இடம், இணையப் பண மோசடி பற்றி நான் எடுத்த வகுப்பு முடிந்து, கருத்தரங்கக் கூடத்துக்கு வெளியே எல்லோரும் செருப்பு விடும் இடம். என் கையில் லேப்டாப், சுருட்டாத வயர், வருகைத்தாள்கள். அடுத்த பீரியடுக்கு மணி அடித்துவிட்டது. இதையெல்லாம் எழுதும்போது சாக்குச் சொல்வது போலத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்தது அப்படித்தான்.

நான் சொன்ன பதில் இது: "ஏ.டி.எம். கார்டு, பாஸ்புக், சிம் மூணையும் சேர்த்து ஒருத்தன் கையில கொடுக்கிறவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரியாதுன்னு சொன்னா போலீஸ் நம்பாது தம்பி."

"சரிங்க மேம்" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைய வகுப்பு நன்றாகத்தான் போனது. பணம் வாங்குவதற்கு யு.பி.ஐ. பின் நம்பரே தேவையில்லை, வாங்கப்போகிறவனிடம் பின் கேட்டாலே மோசடி என்று சொன்னேன். போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுகிற டிஜிட்டல் கைது என்று நம் சட்டத்தில் ஒன்றும் கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைப் பற்றிப் பேசினார் என்றேன். அதிக நேரம் எடுத்துக்கொண்டது சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு. எனக்கு அந்தப் பகுதி பிடிக்கும். பணம் போன உடனே அந்த எண்ணுக்கு அழைத்தால் புகார் வங்கிக்குப் போகும். பணம் அங்கே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். அதற்குள் வேறு கணக்குக்கு மாறியிருந்தால் புகாரும் அந்த வங்கிக்குப் பின்னாலேயே போகும். பணம் ஓடுகிற வழியிலேயே புகாரும் ஓடுகிறது, யார் முந்துகிறார்கள் என்பதுதான் கேள்வி, அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள் என்று பலமுறை சொன்னேன்.

கடைசிப் பத்து நிமிடம் வாடகைக் கணக்கு, அதாவது மோசடிப் பணம் வந்து போக நம் வங்கிக் கணக்கைக் காசுக்கு இன்னொருவனிடம் கொடுப்பது. ஆங்கிலத்தில் மியூல் கணக்கு. மியூல் என்றால் கோவேறு கழுதை என்றதும் கூடமே சிரித்தது, நானும் சிரித்தேன். "முதுகுல இருக்கிறது யாரோட மூட்டைன்னு கழுதைக்குத் தெரியாது" என்று வேறு சொன்னேன். அப்புறம் கணினி, போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கான தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் வழக்கும் உங்கள் பெயரில்தான் வரும் என்று முடித்தேன்.

கழுதைக்குத் தெரியாது என்று உள்ளே சொன்னவள், ஐந்து நிமிடம் கழித்து வாசலில் நின்று, தெரியாமலா இருக்கும் என்று கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து அவனுடைய அப்பா வந்தார். வேறு மாநில சைபர் கிரைம் போலீஸிடமிருந்து வந்த நோட்டீஸும், வங்கி கொடுத்த கணக்கு விவரமும் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. தெரிந்த சீனியர் ஒருவன் சொல்லி, புதுக் கணக்கு தொடங்கி, அப்படியே அவனிடம் கொடுத்திருக்கிறான். கிடைத்தது 4,000 ரூபாய். உடைந்த போன் டிஸ்ப்ளேயை மாற்றியிருக்கிறான்.

நான் முதலில் பார்த்தது தொகைகளை அல்ல, தேதிகளை. மூன்று வரவு. இரண்டு எங்கள் வகுப்புக்கு முன்பே வந்து போய்விட்டன. மூன்றாவது, வகுப்பு முடிந்து நான்காம் நாள் வந்து அன்றைக்கே வெளியே போயிருந்தது.

அந்த மூன்றாவது வரவைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. முதல் இரண்டுக்கும் நான் எதுவும் செய்திருக்க முடியாது. மூன்றாவது யாரோ ஒருவருடைய பணம். அன்றைக்கே வங்கிக்குப் போ, கணக்கிலிருந்து பணம் போகாமல் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடு, நகலில் முத்திரை வாங்கு, அப்புறம் சைபர் கிரைம் ஸ்டேஷனுக்கு நீயாகவே போ, தேவையென்றால் நானும் வருகிறேன். இவ்வளவுதான் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் என் ஸ்லைடுகளில் இரண்டே வகை ஆட்கள் இருந்தார்கள்: பணத்தை இழந்தவர், இழக்க வைத்தவர். கொடுத்துவிட்டுப் பயந்துகொண்டிருக்கிறவனுக்கு ஒரு ஸ்லைடும் இல்லை. 1930 பற்றி அவ்வளவு சொன்னேனே, யாரோ ஒருவர் நான் சொல்லிக்கொடுத்தது போலவே உடனே அழைத்திருக்க வேண்டும். அந்தப் புகார் ஓடி வந்து சேர்ந்த இடம் என் மாணவனின் கணக்கு.

சரி, அவன்தான் சொல்லியிருக்கலாமே என்றும் நினைக்கிறேன். "நான் கொடுத்துட்டேன் மேம்" என்று ஒரு வார்த்தை. அப்படிச் சொல்லியிருந்தால் லேப்டாப்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் "கொடுத்திருந்தா" என்பதில் "நான்" என்ற சொல்லும் இல்லை, "அவன்" என்ற சொல்லும் இல்லை. நம் பேச்சில் ஆளைச் சொல்லாமலே ஒன்றைக் கேட்டுவிட முடியும். பிள்ளைகள் பெரிய விஷயங்களை அப்படித்தான் கேட்கிறார்கள். ஆளில்லாத அந்த இடத்தில் "கொடுக்கிறவன்" என்று ஒருவனை நிற்க வைத்தது நான். அவன் கேட்டது ஒரு வழி. நான் கொடுத்தது ஒரு தீர்ப்பு.

இன்னொரு நாள் யோசித்தால் நான் சொன்னது சரி என்றும் படுகிறது. தெரியாது என்றால் விட்டுவிடுவார்கள் என்று சொல்லியிருந்தால் அதுதான் பொய். பயம் வராவிட்டால் அடுத்த வருடம் இன்னும் இருவர் கொடுப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்து வருகிற எங்கள் பிள்ளைகள் பெரும்பாலானோரிடம் இன்று சொந்தக் கணக்கு இருக்கிறது. 2022 முதல் புதுமைப்பெண், 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000 ரூபாய் நேராகக் கணக்கில் விழுகிறது. எவ்வளவு நல்ல விஷயம். ஆனால் ஒரு கணக்கு என்பது என்ன, அது நம்மைப் பற்றி வங்கிக்கு நாம் எழுதிக் கொடுத்த உறுதி என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? பைக் சாவி கேட்டால் கொடுக்கிற மாதிரி கொடுக்கிறார்கள். கேட்பவனும் கூடப் படித்தவன். இவர்களிடம் கடுமையாகச் சொல்லாமல் எப்படி இருப்பது?

ஆக, எந்த இடத்தில் கடுமை, எந்த இடத்தில் வேறு குரல் என்று பிரித்துக்கொள்ளலாம் என்று இப்போது நினைக்கிறேன். கூடத்தில் சட்டம், வாசலில் மனிதர். சொல்ல எளிதாக இருக்கிறது. வாசலில் கேட்கிறவன் கூடத்தில் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தானே வருகிறான்.

இந்த வருட வகுப்பில் ஒரு ஸ்லைடு சேர்த்தேன். "கொடுத்துவிட்டீர்களா? இன்றே செய்ய வேண்டியவை" என்று தலைப்பு. 66டி-யை நீக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் வயரைச் சுருட்டிக்கொண்டு வேண்டுமென்றே தாமதித்தேன். யாரும் வரவில்லை. கொடுத்தவர் யாரும் இல்லை என்பதாலா, வருவதற்குப் பயமா, எனக்குத் தெரியவில்லை.

அவனுடைய அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டதும் ஒன்று இருக்கிறது. வங்கிக்கும் போலீஸுக்கும் கொடுக்க வேண்டிய கடிதங்களை அவரோடு உட்கார்ந்து எழுதினேன். வழக்கறிஞரைப் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். கிளம்பும்போது அவர் சொன்னார்: "மேடம் கிளாஸ்லயே இதைச் சொன்னாங்கப்பா, நான்தான் முன்னாடியே கொடுத்துத் தொலைச்சிட்டேன்னு அழுவுறான்ங்க. நீங்க நல்லதுதான் சொல்லியிருக்கீங்க." அவன் பக்கத்தில்தான் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நடந்த பேச்சை அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.